முதலில் ஆதாரம், பிறகு பிளாக்: இணையவழித் துன்புறுத்தலை எதிர்கொள்ளும் முறை

இரவு பதினொரு மணிக்கு ஒரு நண்பர் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பி, "இந்தக் கணக்கு உங்களுடையதா?" என்று கேட்கிறார். உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து யாரோ ஒரு போலிக் கணக்கைத் தொடங்கி, அருவருப்பான செய்திகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் பெரும்பாலோர் அடுத்த பத்து நிமிடங்களுக்குள் மூன்று காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். கோபத்தோடு பதில் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கை பிளாக் செய்கிறார்கள். தங்கள் பக்கத்தில் வந்து விழுந்த கேவலமான பின்னூட்டங்களை அழிக்கிறார்கள். மூன்றும் இயல்பானவையே. ஆனால் இந்த வரிசையில் செய்தால், நடந்ததற்கான சான்று போய்விடுகிறது, எதிராளி எச்சரிக்கை அடைந்துவிடுகிறார், மிஞ்சுவது நீங்கள் கோபத்தில் எழுதிய பதில் மட்டுமே. இணையக் குழுக்கள் சிலவற்றைப் பல ஆண்டுகள் நிர்வகித்தவன் என்ற முறையில் நான் கண்டவரை, உதவி கேட்டு வருபவர்களில் பலர் செய்ய வேண்டியவற்றை எல்லாம் செய்திருப்பார்கள். வரிசை மட்டும் தலைகீழாக இருக்கும். எனவே இந்தக் கட்டுரை வரிசையைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

எது துன்புறுத்தல்?

கருத்து வேறுபாடு, காரசாரமான விமர்சனம், ஒருமுறை தவறிப்போய் வந்த கடுஞ்சொல் ஆகிய எல்லாவற்றையும் துன்புறுத்தல் என்று அழைத்தால், உண்மையான துன்புறுத்தலைப் புகாரளிக்கும்போது அதன் எடை குறைந்துவிடும். பள்ளிகளில் நடக்கும் கொடுமைகளை 1970களிலிருந்து ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்வது, இரு தரப்புக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு. இந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது என்றாலும் இணையத்தில் அதைச் சற்று மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரே ஒருமுறை பதிவிட்ட படத்தை நூறு பேர் பகிர்ந்தால், பாதிக்கப்பட்டவரைப் பொறுத்தவரை அது நூறு முறை நடந்ததுதான். வலிமை என்பதும் உடல் வலிமையோ பதவியோ அல்ல. அதிகப் பின்தொடர்பவர்களைக் கொண்டிருப்பது, உங்கள் அந்தரங்கம் ஒன்றை அறிந்து வைத்திருப்பது, முகம் காட்டாமல் இருப்பது, பத்துப் பேராகச் சேர்ந்து வருவது ஆகிய யாவும் இங்கே வலிமையே.

வடிவங்களும் பலவகைப்பட்டவை. தொடர்ந்து வசைச் செய்திகளை அனுப்புதல், போலிக் கணக்கு தொடங்குதல், முகவரியையோ தொலைபேசி எண்ணையோ பொதுவெளியில் வெளியிடுதல், தனிப்பட்ட உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புதல், முகத்தை வேறு உடலோடு ஒட்டிப் போலிப் படம் தயாரித்தல் போன்றவை எளிதில் கண்ணில் படும். ஒருவரை மட்டும் விலக்கிவிட்டு மற்ற அனைவரையும் சேர்த்துப் புதிய குழு தொடங்கி, அங்கே அவரைப் பற்றியே பேசுவது எளிதில் கண்ணில் படாது. ஆனால் பதின்பருவத்தினரிடையே இதுவும் நடக்கிறது, இதற்கு ஸ்கிரீன்ஷாட்கூடக் கிடைப்பதில்லை.

பதில் எழுதும் விரலை நிறுத்தி வையுங்கள்

நேரில் பேசினால் இப்படிப் பேசவே துணியாத மனிதர்கள் இணையத்தில் ஏன் இவ்வளவு கொடூரமாகிறார்கள் என்பதை உளவியலாளர் ஜான் சூலர் 2004ஆம் ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் விளக்கினார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, எதிராளியின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியதில்லை, சொல்லிவிட்டு உடனே வெளியேறிவிடலாம் என்ற நிலைமைகள் ஒன்றுசேரும்போது மனிதரிடம் இயல்பாக இருக்கும் தயக்கம் கழன்றுவிடுகிறது என்பது அதன் சாரம். இதிலிருந்து நமக்கு நடைமுறைக்கு உதவும் ஒரு பாடம் கிடைக்கிறது. உங்கள் முகம் அவருக்குத் தெரியாததால், எய்த அம்பு தைத்ததா இல்லையா என்பதை உங்கள் பதிலை வைத்து மட்டுமே அவர் தெரிந்துகொள்ள முடியும். நீங்கள் எழுதும் நீண்ட விளக்கமும், கண்ணீரும், பதில் வசையும் அவர் காத்திருந்த செய்தியையே கொண்டுசேர்க்கின்றன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. துன்புறுத்துபவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்து, அவர் விளையாட்டாக எண்ணிச் செய்கிறாரோ என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், ஒரே ஒருமுறை, எழுத்தில், சுருக்கமாகச் சொல்லலாம்: "இந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். இனி என்னைப் பற்றி இப்படிப் பதிவிட வேண்டாம்." அவ்வளவே. வசை வேண்டாம், மிரட்டல் வேண்டாம், காரணம் கேட்க வேண்டாம். நீங்கள் மறுத்துச் சொன்ன பிறகும் அவர் தொடர்ந்தார் என்பதற்கு இந்த இரண்டு வாக்கியங்களே பின்னாளில் சான்றாகும். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் இருவரும் சண்டையிட்டுக்கொண்டார்கள் என்று பார்ப்பவர் முடிவுகட்டுவதற்கு இடம் கொடுத்துவிடுவீர்கள்.

ஆதாரத்தைச் சேர்க்கும் முறை

இதுதான் மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன் என்று சொல்பவர்களிடம் அதைக் காட்டச் சொன்னால், வசை வாக்கியம் மட்டும் இருக்கும். யார் எழுதியது, எப்போது, எங்கே என்ற மூன்றும் இருக்காது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தளத்தின் புகார்ப் பிரிவோ காவல்துறையோ எதுவும் செய்ய இயலாது.

ஒவ்வொரு பதிவுக்கும் எழுதியவரின் பயனர்பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி முழுத் திரையையும் படம் பிடியுங்கள். காட்சிப்பெயரும் பயனர்பெயரும் வேறு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே காட்சிப்பெயரை ஆயிரம் பேர் வைத்துக்கொள்ள முடியும், பயனர்பெயரோ ஒரு தளத்தில் ஒருவருக்கு மட்டுமே உரியது. ஆனால் பயனர்பெயரையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால், அந்தப் பதிவின் இணைப்பையும் அவருடைய பக்கத்தின் இணைப்பையும் நகலெடுத்துத் தனியாக ஒரு குறிப்பில் ஒட்டி வையுங்கள். எல்லாப் படங்களையும்விடப் பயன்மிக்கது இந்த இணைப்புதான் என்பது என் கருத்து. தொலைபேசிச் செயலியைவிடக் கணினி உலாவியில் திறந்து படம் பிடித்தால், இணைப்பு முகவரியும் படத்திலேயே விழுந்துவிடும்.

நீண்ட உரையாடல் என்றால் திரையைக் காணொளியாகப் பதிவு செய்தபடி மேலிருந்து கீழாக நகர்த்திச் செல்லுங்கள். இடையில் எதையும் வெட்டி ஒட்டவில்லை என்பதை அது காட்டும். வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அதையும் பயன்படுத்துங்கள், ஆனால் அந்த எழுத்துக் கோப்பை யாரும் திருத்திவிட முடியும் என்பதால் அதை மட்டுமே நம்பாமல் மூல உரையாடலையும் தொலைபேசியில் அப்படியே விட்டு வையுங்கள். தானாக மறையும் செய்திகளில் கவனம் தேவை. ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்கு அறிவிப்புப் போய்விடும். இன்ஸ்டாகிராமிலும் மறையும் படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாமல் போகலாம், அல்லது எடுத்தது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடலாம். அத்தகைய இடங்களில் வேறொரு தொலைபேசியின் கேமராவால் திரையைப் படம் பிடிப்பதே எளிய வழி.

இவற்றோடு ஒரு நாட்குறிப்பும் எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன தளம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அதனால் உங்கள் வேலையிலோ படிப்பிலோ உடல்நலத்திலோ என்ன பாதிப்பு ஏற்பட்டது என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு வரி போதும். முப்பது ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கொட்டிக் காட்டுவதைவிட, அவற்றை நாள்வரிசையில் கோத்த ஒரு பக்கக் குறிப்பு அதிகாரியிடம் விரைவாக வேலை செய்கிறது. அனைத்தையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள்; தொலைபேசியில் மட்டும் வைத்திருந்து, அது பழுதாகியோ தொலைந்தோ போனபின் கைபிசைந்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் பாலியல் தன்மை கொண்ட படமோ காணொளியோ என்றால், ஆதாரம் என்ற பெயரில்கூட அதை நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. பல நாடுகளின் சட்டங்களில் அதை வைத்திருப்பதே குற்றம். நல்ல எண்ணத்தோடு ஆசிரியருக்கோ மற்றொரு பெற்றோருக்கோ அனுப்புவதும் பரப்புதலாகவே கருதப்படலாம். இணைப்பையும் பயனர்பெயரையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு நேராகக் காவல்துறையை அணுகுங்கள்.

பிளாக், மியூட், ரெஸ்ட்ரிக்ட்

ஆதாரம் பத்திரமான பிறகு கதவை மூடலாம். ஆனால் எந்தக் கதவை மூடுவது என்பதிலும் ஒரு யோசனை வேண்டும். பிளாக் செய்தால் அவர் உங்களைத் தொடர்புகொள்ள முடியாது. பல தளங்களில் அவருடைய பக்கத்தை நீங்களும் பார்க்க இயலாது, அதனால்தான் சான்று சேர்ப்பதற்கு முன் பிளாக் செய்யக் கூடாது என்று சொன்னேன். மியூட் செய்தால் அவர் எழுதுவது உங்கள் கண்ணில் படாது, அவருக்கோ எதுவும் தெரியாது. இன்ஸ்டாகிராம் 2019இல் கொண்டுவந்த ரெஸ்ட்ரிக்ட் வசதி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: அவர் இடும் பின்னூட்டம் அவருக்கு மட்டும் தெரியும், நீங்கள் ஒப்புதல் தந்தால் ஒழிய மற்றவர்களுக்குத் தெரியாது, அவர் அனுப்பும் செய்தி தனிப் பெட்டிக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்பது அவருக்குத் தெரியாது. துன்புறுத்துபவரை மறுநாள் காலையில் வகுப்பிலோ அலுவலகத்திலோ சந்தித்தே ஆக வேண்டியவர்களுக்கு பிளாக்கைவிட இது பொருத்தமானது, ஏனென்றால் பிளாக் செய்யப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அதையே அடுத்த சண்டைக்குக் காரணமாக்கிக்கொள்வார்.

பிளாக் செய்துவிட்டோம் என்று முழுவதும் ஓய்ந்துவிடவும் முடியாது. எக்ஸ் தளத்தில் 2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, நீங்கள் பிளாக் செய்தவரும் உங்கள் பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம், பதிலளிக்கவோ பகிரவோ முடியாது என்று விதி மாறிவிட்டது. அங்கே உண்மையில் மறைய வேண்டுமானால் கணக்கையே தனிப்பட்டதாக மாற்ற வேண்டும். ஒருவர் அல்லாமல் ஒரு கூட்டமே வந்து விழும்போது, ஒவ்வொருவராக பிளாக் செய்துகொண்டிருப்பது பெருமழையை முறத்தால் தடுப்பது போன்றது. அப்போது உங்களைப் பின்தொடராதவர்களின் பின்னூட்டங்களையும் செய்திகளையும் சில நாட்களுக்கு மறைக்கும் வசதியையும், குறிப்பிட்ட சொற்கள் கொண்ட பின்னூட்டங்களைத் தானாக ஒளிக்கும் வடிகட்டியையும் பயன்படுத்துங்கள். அந்தச் சொற்பட்டியலில் உங்கள் மொழியின் வசைச்சொற்களை நீங்களே சேர்க்க வேண்டும், தமிழ் எழுத்தில் ஒருமுறையும், ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதும் முறையில் ஒருமுறையும். தளங்களின் தானியங்கி வடிகட்டிகள் ஆங்கில வசையைப் பிடிக்கும் அளவுக்குத் தமிழ் வசையைப் பிடிப்பதில்லை என்பது இதைப் பயன்படுத்திய எல்லோரும் அறிந்ததே.

புகார் எழுதும் கலை

புகார் கொடுத்தும் பயனில்லை என்ற மனக்குறையைப் பரவலாகக் கேட்கிறோம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் நிராகரிக்கப்படும் புகார்களில் கணிசமானவை, பொருந்தாத காரணத்தைத் தேர்ந்தெடுத்ததால் நிராகரிக்கப்படுகின்றன. ஒரு கணக்கு முழுவதையும் மொத்தமாகப் புகாரளிப்பதைவிட, விதியை வெளிப்படையாக மீறும் ஒரு குறிப்பிட்ட பதிவையோ பின்னூட்டத்தையோ எடுத்து, அதற்குரிய காரணத்தின் கீழ் அளிப்பது பலன் தரும். உங்கள் பெயரில் போலிக் கணக்கு என்றால் ஆள்மாறாட்டம் என்ற பிரிவிலேயே அளியுங்கள். அங்கே உங்கள் அடையாளத்தை நிரூபிக்கும்படி கேட்கலாம். நூறு நண்பர்களைத் திரட்டி நூறு புகார் போடச் சொல்வது பெரும்பாலும் வீண் வேலை, பரிசீலிப்பவர் பார்ப்பது விதிமீறலைத்தானே ஒழிய எண்ணிக்கையை அல்ல.

வாட்ஸ்அப்பில் ஒருவரைப் புகாரளித்தால், அவர் உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குச் செல்கின்றன. புகாரளித்தது அவருக்குத் தெரிவிக்கப்படாது. ஆகவே வசைக்குப் பிறகு அவர் நான்கைந்து முறை "ஹலோ" என்று அனுப்பிவிட்டால் புகார் வலுவிழக்கும் என்பதையும், விரைந்து புகாரளிப்பதன் அவசியத்தையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். உங்கள் படத்தைத் திருடிவிட்டார்கள் என்று பதிப்புரிமைப் படிவத்தின் வழியே சிலர் புகாரளிக்கிறார்கள். அது வேகமாக வேலை செய்வதும் உண்டு. ஆனால் அந்தப் படிவத்தில் நீங்கள் தரும் பெயரும் தொடர்பு விவரமும் எதிர்த்தரப்புக்குப் பகிரப்படலாம். உங்களை மறைந்திருந்து துரத்தும் ஒருவருக்கு நீங்களே முகவரி கொடுத்தது போல ஆகிவிடும்.

முதல் புகார் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் பரிசீலனையைத் தானியங்கி செய்திருக்கலாம். மேல்முறையீட்டில் ஒரு மனிதர் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது. சில நாடுகளில் தளத்துக்கு வெளியேயும் ஒரு கதவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015இல் தொடங்கப்பட்ட இணையப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம், தளம் அசைந்துகொடுக்காதபோது பதிவை நீக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் கொண்டது. நியூசிலாந்து அதே ஆண்டில் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. உங்கள் நாட்டில் அப்படி ஓர் அமைப்பு உண்டா, அதன் புகார் எண் என்ன என்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே தேடித் தொலைபேசியில் சேமித்துக்கொள்வது நல்லது.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால்

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவர் மீண்டும் கொடுப்பார் என்பது மிரட்டுபவருக்குத் தெரியும். பணம் பெற்றபின் படத்தை அழித்துவிட்டேன் என்ற அவருடைய வாக்குறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை. அவசரத்தில் கணக்கை அழித்துவிடவும் வேண்டாம், உரையாடலும் அவருடைய பயனர்பெயரும் பணம் கேட்ட கணக்கு விவரங்களும் அதோடு போய்விடும். பதில் அனுப்புவதை நிறுத்தி, மேலே சொன்னபடி பதிவு செய்து, பிறகு பிளாக் செய்து, காவல்துறைக்குப் போங்கள்.

படம் பரவாமல் தடுப்பதற்கு இரண்டு இலவசச் சேவைகள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டாப்என்சிஐஐ (StopNCII). பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கு 2023இல் தொடங்கப்பட்ட டேக் இட் டவுன். இரண்டிலும் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்பதே சிறப்பு. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்கோவை கணிக்கப்படுகிறது. அந்த எண்கோவை மட்டும் சேவையில் இணைந்துள்ள தளங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது பதிவேற்றினால் தளம் எண்கோவையை ஒப்பிட்டுத் தடுக்கிறது. எண்கோவையிலிருந்து படத்தை மீட்டெடுக்க முடியாது. இதற்கு வரம்புகளும் உண்டு. இணையாத தளங்களில் இது செல்லாது, முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்ட தனிச் செய்திகளுக்குள் எட்டிப்பார்க்காது, படத்தை வெட்டியோ பெரிதும் மாற்றியோ பதிவேற்றினால் தப்பிவிடக்கூடும். இருந்தாலும் படம் வெளியாவதற்கு முன்பே செய்து வைக்கக்கூடிய தடுப்பு இதுதான். செயற்கை நுண்ணறிவால் தயாரித்த போலிப் படங்களுக்கும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

பாதிக்கப்பட்டது உங்கள் பிள்ளை என்றால்

பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பதற்கு வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சொன்னால் தொலைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தை உண்மையாக்கிவிட்டால், அடுத்த முறை எதுவும் உங்கள் காதுக்கு வராது. தவறு செய்தவன் வெளியே இருக்க, தண்டனை மட்டும் உங்கள் பிள்ளைக்கு என்றும் ஆகிவிடும். "இதை நீ என்னிடம் சொன்னது நல்லது, உன் தொலைபேசியை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்" என்ற மூன்றும் முதல் உரையாடலில் இடம்பெற வேண்டும். "நீ ஏன் அந்தப் படத்தை அனுப்பினாய்?" என்ற கேள்வி உங்கள் நாவின் நுனியில் நிற்கும். அதை வேறொரு நாளைக்கு ஒத்திவையுங்கள்.

பிள்ளை தானாகச் சொல்லாவிட்டாலும் சில அறிகுறிகள் தென்படலாம்: அறிவிப்பு ஒலி கேட்டதும் முகம் மாறுவது, நீங்கள் அருகே வந்ததும் திரையைக் கவிழ்ப்பது, பிடித்த விளையாட்டுக் குழுவிலிருந்து திடீரென்று விலகுவது, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு நூறு காரணங்கள் இருக்கக்கூடும், ஆகையால் விசாரணை அதிகாரி போல நெருக்காமல், நடைபோகும்போதோ சமையலில் உதவும்போதோ, முகத்துக்கு முகம் பாராத நேரத்தில் பேச்சை எடுங்கள்.

பெற்றோர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. பள்ளிப் பெற்றோர் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, மற்றொரு பிள்ளையின் பெயரைச் சொல்லி நியாயம் கேட்பது. இரண்டு பிள்ளைகளின் மானமும் ஒரே நொடியில் நூறு வீடுகளுக்குப் போய்விடும், பிறகு பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கையும் வீணாகும். பள்ளியை எழுத்து வழியே, உரிய பொறுப்பாளரை மட்டும் அணுகுங்கள். யார் மீது நடவடிக்கை என்று கேட்பதோடு, நாளை முதல் உங்கள் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். என்ன செய்வது என்ற முடிவில் பிள்ளைக்கும் குரல் இருக்கட்டும். தன்னைக் கேட்காமல் ஊரைக் கூட்டிவிட்டார்கள் என்ற வருத்தம், பட்ட துன்பத்தைவிட நீண்டகாலம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இணையத்தில் அந்த வாய்க்குத் தீனி போடுவது பார்வையாளர்களின் கைத்தட்டல்தான், அதைத் தராமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஒரு சிரிப்புக் குறியைக்கூட இடாதீர்கள். கண்டிக்கிறேன் என்று சொல்லி அந்தப் பதிவையே மேற்கோள் காட்டிப் பகிர்வதும் தவறு. தளத்தின் கணக்கீட்டுக்குக் கோபமும் ரசிப்பும் ஒன்றுதான், இரண்டும் அந்தப் பதிவைப் புதிய கண்களுக்குக் கொண்டுசெல்கின்றன. அமைதியாகப் புகாரளித்துவிட்டு, பாதிக்கப்பட்டவருக்குத் தனிச் செய்தியாக ஒரு வரி எழுதுங்கள்: "அந்தப் பதிவைப் பார்த்தேன். அது சரியல்ல. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தருகிறேன்." தம்மால் அந்தப் பதிவைத் திரும்பத் திறந்து பார்க்க முடியாத நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

குழு நிர்வாகியாக இருப்பவர் இதற்கு மேலும் செய்யலாம். நான் நிர்வகித்த ஒரு குழுவில் ஒருவரின் எழுத்துப் பிழையைக் கேலி செய்து தொடங்கிய பேச்சு, அரை மணி நேரத்தில் அவருடைய படிப்பையும் குடும்பத்தையும் தொட்டுவிட்டது. முதல் ஐந்து பின்னூட்டங்களின்போதே நான் பார்த்தேன். வேடிக்கைதானே என்று விட்டுவிட்டேன். அவர் மறுநாள் குழுவிலிருந்து வெளியேறினார், திரும்பி வரவே இல்லை. அதன்பின் நான் கடைப்பிடித்த நடைமுறை எளியது: கேலி, எழுதப்பட்டதை விட்டு எழுதியவர் மீது தாவும் அந்த இடத்திலேயே பின்னூட்டங்களைப் பூட்டிவிடுவது, பூட்டியதற்கான காரணத்தை ஒரே வரியில் பொதுவில் சொல்வது, எழுதியவர்களோடு வாதத்தைத் தனிச் செய்தியில் மட்டும் நடத்துவது.

நாமே அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்துவிடுவதும் நடக்கக்கூடியதே. ஏற்கெனவே ஐந்நூறு பேர் திட்டிவிட்ட ஒருவரைத் திட்டும் ஐந்நூற்றோராவது பின்னூட்டம் நியாயமான கருத்தாகவே இருந்தாலும், பெறுபவருக்கு அது இன்னொரு கல். எழுதிவிட்டோம் என்று உணர்ந்தால் நீக்குங்கள், எங்கே எழுதினீர்களோ அங்கேயே மன்னிப்புக் கேளுங்கள், "யாராவது புண்பட்டிருந்தால்" என்ற நிபந்தனை இல்லாமல்.

முன்கூட்டியே பூட்ட வேண்டியவை

இவை பலரும் அறிந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாக் கணக்குகளிலும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். வாட்ஸ்அப்பில் அது ஆறு இலக்க எண். உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். உங்களைக் குழுவில் யார் சேர்க்கலாம், உங்கள் படத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தொடர்பில் உள்ளவர்களோடு நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து பதிவிடுவதைத் தவிருங்கள். இடத்தைக் காட்டும் பதிவை அங்கிருந்து கிளம்பிய பிறகு இடுங்கள். பெரிய சமூக ஊடகங்கள் படத்தோடு ஒட்டியிருக்கும் இடக் குறிப்பைப் பதிவேற்றத்தின்போது மற்றவர்களுக்குத் தெரியாமல் நீக்கிவிடுகின்றன என்றாலும், அதே படத்தை மின்னஞ்சலிலோ ஆவணமாகவோ அனுப்பினால் அந்தக் குறிப்பு அப்படியே போகும்.

உறவு முறிந்தபின் கடவுச்சொற்களை மாற்றுவது மனத்தாங்கலின் அடையாளம் என்று தயங்க வேண்டாம். ஆனால் துன்புறுத்துபவர் உங்கள் வீட்டிலேயே இருப்பவர் அல்லது உங்கள் தொலைபேசியைக் கையில் எடுக்கக்கூடியவர் என்றால், திடீரென்று எல்லாவற்றையும் மாற்றுவது அவரைச் சீண்டிவிடும். அப்போது முதலில் அவர் தொட முடியாத வேறொரு கருவியிலிருந்து, நம்பகமான ஒருவரிடமோ உதவி எண்ணிலோ பேசித் திட்டமிட்ட பிறகே அமைப்புகளில் கை வையுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல், வீட்டு முகவரியை வெளியிடுதல், பின்தொடர்ந்து நேரில் வருதல், சிறுவர்களின் பாலியல் படங்கள், பணம் கேட்டு மிரட்டல் ஆகியவற்றில் தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அதே நாளில் காவல்துறையிடம் போங்கள். கணக்கை இயக்கியவர் யார் என்பதைக் காட்டும் உள்நுழைவுத் தகவல்களைத் தளங்கள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி சட்ட வழியில் கோரக்கூடியது காவல்துறையும் நீதிமன்றமும்தான். நாள்வரிசைக் குறிப்பின் அச்சுப் பிரதி ஒன்றையும், படங்களையும் இணைப்புகளையும் கொண்ட நகல் ஒன்றையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

பாதிக்கப்பட்டவர் வாழப் பிடிக்கவில்லை என்பது போலப் பேசினால், மேலே சொன்ன எல்லா வரிசையும் இரண்டாம் இடத்துக்குப் போய்விட வேண்டும். அவரைத் தனியே விடாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உடனே மருத்துவ உதவியையோ நெருக்கடி உதவி எண்ணையோ நாடுங்கள். ஆதாரம் சேர்க்கும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நெருக்கடி இல்லாத நாட்களிலும் நல்ல ஏற்பாடு. உங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை நீங்களே நாளுக்கு இருபது முறை திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் போய்விடும். நம்பகமான ஒருவரிடம் கணக்கைக் கொடுத்து, காலையும் மாலையும் ஒருமுறை பார்த்துப் புதியவற்றைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மிரட்டல் ஏதும் இருந்தால் மட்டும் உங்களிடம் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லை நின்றுவிட்டதாகத் தோன்றிய பிறகும் சேமித்தவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். பல மாதங்கள் கழித்து அதே ஆள் வேறு பெயரில் திரும்பி வரும்போது, பழைய பதிவுகளில் உள்ள அதே சொல்லாட்சியும் அதே எழுத்துப் பிழையும் அவரை அடையாளம் காட்டிக்கொடுக்கக்கூடும்.